ஒரு தட்டா, ரெண்டு தட்டா

இங்குனை விட்டுட்டுப் போன ஆளு, போறதுக்கு முன்னாடி சாப்பாட்டு மேசை மேல ஒரு கடுதாசி எழுதி வெச்சுட்டுப் போனான். ரெண்டு பக்கம். வீடார்னு பேரு, பெர்கன் பக்கத்து ஆளு, ஆறு வருஷம் அவளோட ஒரே வீட்டுல இருந்தவன். இங்குன் அதை நின்னுக்கிட்டே ஒரு தரம் படிச்சா. உக்காந்து ஒரு தரம் படிச்சா. அப்புறம் பையில கைய விட்டுப் பச்சைப் பேனாவை எடுத்தா. பதினாலு தப்பு இருந்துச்சு. பதினாலையும் திருத்தி, கவர்ல போட்டு, ஸ்டாம்பு ஒட்டி, அவனுக்கே திருப்பி அனுப்பிட்டா.

இந்தக் கதை ஃபியோர்டுக்கு, அதான் மலைக்கு நடுவுல பூந்து வர்ற கடலுக்கு, அந்தக் கரையிலயும் தெரியும், எங்க கரையிலயும் தெரியும். கல்யாண வீட்டுல, ஃபெரிப் படகுல, முடிவெட்டுற கடையில எங்க சொன்னாலும் எடுபடும். சிரிக்காதவ இங்குன் ஒருத்திதான். ஏன்னா கடுதாசியோட கடைசி வரி என்னன்னு அவளுக்கு மட்டும்தான் தெரியும். "நான் போறதுல உனக்கு வருத்தம் இருக்கா?"ன்னு கேட்டிருந்தான். அந்த வரியில தப்பு எதுவும் இல்ல. அதனால அவ அதைத் தொடவே இல்ல.

அது நடந்து பன்னெண்டு வருஷம் ஆச்சு. இப்போ அவளுக்கு அம்பத்திநாலு. நகரத்துல வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வர்ற பத்திரிகையில பிழை பாக்கிற வேலை, அந்த ஆபீசுக்கு மேல் மாடியிலயே வீடு. அவ வேலையில பெரிய பங்கு, வரி முடியிற எடத்துல சொல்லை எங்க ஒடைக்கிறதுன்னு பாக்கிறது. எங்க பாஷையில சொல்லெல்லாம் கூட்ஸ் வண்டி மாதிரி. ரெண்டு பெட்டி, மூணு பெட்டி, சில சமயம் அஞ்சு பெட்டியை மாட்டி ஒரே சொல்லா இழுத்துக்கிட்டுப் போவோம். பத்திரிகையில பத்தி ஒல்லி, சொல்லு நீளம். எங்கயாவது ஒடச்சுத்தான் ஆகணும். கொக்கி மாட்டின எடத்துல கழட்டினா தொந்தரவு இல்ல. பெட்டிய நடுவுல அறுத்தா விபத்து.

ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்த மொத வாரமே ஒரு விபத்து நடந்துச்சு. பைன் மரத்து ஊசி இலைக்கு 'பார்னோல்'னு பேரு. 'பார்' ஒரு பெட்டி, 'நோல்' ஒரு பெட்டி, நோல்னா ஊசி. கம்ப்யூட்டர் போயி 'பார்ன்'னு ஒரு வரியில விட்டுட்டு 'ஓல்'னு அடுத்த வரியில போட்டுச்சு. பார்ன்னா குழந்தை, ஓல்னா விலாங்கு மீனு. காட்டுல நடந்தா காலுக்கு அடியில குழந்தை விலாங்கு மெத்துமெத்துன்னு இருக்கும்னு வனத்துறை ஆளு எழுதின மாதிரி ஆயிருச்சு. இங்குன் அன்னிக்குப் பல்லு டாக்டர்கிட்ட போயிருந்தா.

"இனிமே பல்லு வலிச்சா ஞாயித்துக்கிழமை வலிக்கச் சொல்லு"ன்னாரு ஆசிரியர் ஹால்டோர்.

அவளுக்கு அளவுகோல் காதுதான். சந்தேகம் வந்தா சொல்லை வாய்விட்டுச் சொல்லி, விரலால மேசையில தட்டிப் பாப்பா. ஒட்டுச் சொல்லா இருந்தா ஒரே தட்டு, அதுவும் தலையில. வால் தானா பின்னாடி ஓடி வந்துரும். ரெண்டு தட்டு விழுந்துச்சுன்னா அது ரெண்டு சொல்லு. வாயில யாரும் தப்பு பண்றதில்ல. மூணு வயசுக் குழந்தைகூட ஒட்ட வேண்டியதை ஒட்டித்தான் பேசும். கையில பேனாவைக் குடுத்தாத்தான் அறுபது வயசு ஆளு எல்லாத்தையும் பிச்சுப் போடறான்.

அப்படிப் பிச்சுப் போடறதுல எங்க ஊரு ஹெல்லெவிக்குல, கடையில கறி வெட்டுற மாக்னாரை அடிச்சுக்க ஆளே இல்ல.

வியாழக்கிழமை மத்தியானம் பத்திரிகை அச்சுக்குப் போயிரும். மூணு மணி ஃபெரியப் புடிச்சு இங்குன் எங்க கரைக்கு வருவா. நகரத்துக் கடையில கறியெல்லாம் பிளாஸ்டிக்குல சுத்திப் படுத்துக் கெடக்குது, இங்கதான் கண்ணு முன்னாடி வெட்டிக் குடுக்கறாங்க, அதான் வர்றேன்னு சொல்லுவா. ரெண்டு துண்டு கறிக்காக இருபது நிமிஷம் கடல் மேல வர்ற பொம்பளைய இங்குனுக்கு முன்னாடியும் பாத்ததில்ல, பின்னாடியும் பாக்கல. ஒம்போது வருஷமா வந்தா. நாங்களும் ஒம்போது வருஷமா நம்புற மாதிரியே நடிச்சோம்.

மாக்னார் கத்தி புடிச்சா ஓவியம். எலும்பு எங்க, ஜவ்வு எங்கன்னு கண்ணை மூடிக்கிட்டு வெட்டுவான். கறிக்கு மேல சொருகுற பேரு அட்டையில எழுதும்போது மட்டும் மூட்டு எதுன்னு தெரியாம கண்ட எடத்துல வெட்டிருவான். ஆட்டுக்குட்டித் தொடைன்னு ஒட்டி எழுத வேண்டியதைப் பிரிச்சு எழுதுவான்; எங்க பாஷையில அந்த மொத பாதி தனியா நின்னா வாதம் வந்ததுன்னு அர்த்தம், அது வாதம் வந்த தொடைன்னு ஆயிரும். ஈரலுக்கும் உயிரோட இருக்குங்கிறதுக்கும் எங்களுக்கு ஒரே சொல்லு; கோழிக்குஞ்சு ஈரலைப் பிரிச்சா, கோழிக்குஞ்சு உயிரோட இருக்குன்னு அர்த்தம். போதாக்குறைக்கு முன்னாடி 'வறுத்த'ன்னு ஒண்ணைச் சேப்பான். ஆக, வறுத்த கோழிக்குஞ்சு உயிரோட இருக்கு.

இங்குன் வந்ததும் கறி பக்கம் போக மாட்டா. அட்டை பக்கம்தான் போவா. பச்சைப் பேனாவைத் தொறந்து, பிரிஞ்சு கெடக்கிற ரெண்டு சொல்லுக்கும் அடியில ஒரு வளைவு போட்டுச் சேத்து வெப்பா. பாக்கறதுக்குப் பாலம் மாதிரியே இருக்கும். நாப்பது வருஷமா ஃபியோர்டுக்குக் குறுக்க பாலம் வேணும்னு அரசாங்கத்துக்கு மனு போட்டுக்கிட்டிருக்கோம், ஒரு கல்லு விழல. இவ வாரத்துக்கு மூணு கட்டிட்டுப் போவா.

"வந்துட்டாங்கப்பா பாலத்து இஞ்சினியர்" என்பான் மாக்னார்.

"தொடைக்கு வாதம் வந்திருக்கு மாக்னார். டாக்டருக்குச் சொல்லி அனுப்பட்டுமா?"

"அடுப்புல ரெண்டு மணி நேரம் வெச்சா எழுந்து நடக்கும். எத்தனை துண்டு?"

"ரெண்டு."

"விருந்தா?"

"இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு."

ஒவ்வொரு வாரமும் இதே பேச்சுத்தான். மாக்னாருக்கும் வீட்டுல ஆள் இல்ல. பொண்டாட்டி ஓலெசுண்டுக்குத் தங்கச்சிய பாக்கப் போனவ, அங்கயே ஒரு ரெடிமேட் சமையல்கட்டு விக்கிற ஆளோட தங்கிட்டா. அது பழைய கதை, அவனே சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்லுவான். இவன் வீட்டுச் சமையல்கட்டு மட்டும் இன்னமும் பழசு.

இப்படிப் போய்க்கிட்டிருந்தப்போ, அக்டோபர் மாசம், மலையில இருந்து ஆடெல்லாம் எறங்கி வந்த வாரம், கடை வாசல் பலகையில ஒரு அட்டை தொங்குச்சு. பனிக்கால டயர் விக்கிறவன் சீட்டுக்கும், காணாமப்போன பூனைக்கும் நடுவுல.

'எக்தெ ஃபெல்லெ தேவை. வயசு 57. ஆடு 26. வீடு கதகதப்பா இருக்கும். மாக்னார்.'

எக்தெஃபெல்லென்னு ஒட்டி எழுதினா கட்டினவ, கட்டினவன், வாழ்க்கைத் துணை. பிரிச்சு எழுதினா கதை வேற. எக்தென்னா அசல். ஃபெல்லென்னா பொறி. எலிக்கு வெப்போமே, அந்தப் பொறி. அசல் பொறி ஒண்ணு தேவை, வயசு அம்பத்தேழு, ஆடு இருபத்தாறு.

இங்குன் உள்ள நுழைஞ்சா, பாத்தா, பழக்க தோஷத்துல பேனா மூடிய தொறந்துட்டா. கை அட்டைக்கு ஒரு அங்குலம் முன்னாடி நின்னுபோச்சு. இதுல கோடு போட்டா என்ன அர்த்தம்? தப்பைத் திருத்தினதா, இல்ல சரின்னு சொன்னதா? ஊரு எதை எடுத்துக்கும்? அவன் எதை எடுத்துப்பான்?

கல்லாவுல இருந்த தூரி ஒரு பால் பாக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே பாத்துக்கிட்டிருந்தா. தூரிய பத்திச் சொல்லணும்னா, இந்த ஊர்ல ரேடியோ இல்லாத வீட்டுக்கெல்லாம் அவதான் ரேடியோ.

"என்ன இங்குன், மை தீந்துபோச்சா?"

"இல்ல."

"நீட்டிக்கிட்டே நிக்கிறியே."

"படிக்கிறேன்."

"ஒரு வரிதானே இருக்கு."

இங்குன் பேனாவை மூடினா. கறிகூட வாங்காம ஃபெரிக்குத் திரும்பிட்டா. ஒம்போது வருஷத்துல கறி வாங்காம போனது அன்னிக்குத்தான். அஞ்சு நிமிஷத்துல ஊரு முழுக்கத் தெரிஞ்சுபோச்சு, ஏன்னா தூரி தெரியப்படுத்தினா.

ஃபெரியில சங்கிலி மாட்டுற ஒட்முன் விட்டானா? "என்ன இங்குன், கை வீசிக்கிட்டு வர்ற? ஆட்டுக்கு வாதம் குணமாயிருச்சா?"

"உன் வேலையப் பாருப்பா."

"என் வேலையத்தான் பாக்கறேன். போன கனமும் வந்த கனமும் சரியா இருக்கணும். போகும்போது இருந்ததை விட இப்போ கொஞ்சம் கனமா தெரியற."

வீட்டுக்குப் போயி அவ தூங்கினாளோ என்னமோ, அந்த வாரம் வேலை மட்டும் ஓடல. தெரியாம எழுதிட்டானா? கிண்டலுக்கு எழுதினானா? தெரியாம எழுதினான்னா அது யாருக்கு வேணா எழுதினதா இருக்கலாம். இவ ஓடிப்போய்க் கோடு போட்டா அசிங்கம். கிண்டல்னா இன்னும் அசிங்கம். எனக்குத்தான்னா? அந்த எடத்துக்கு வந்ததும் நெனப்பை நிறுத்திக்குவா. மூணாம் பக்கத்துல ஒரு தலைப்புல எழுத்து விட்டுப்போயி அச்சுக்குப் போகப் பாத்துச்சு. ஹால்டோர் புடிச்சாரு. முப்பது வருஷத்துல அவரு புடிச்சது அது ஒண்ணுதான். பயந்துபோயி, "பல்லா?"ன்னு கேட்டாரு.

இங்க ஹெல்லெவிக்குல என்ன நடந்துச்சுன்னா, வெள்ளிக்கிழமை காலையில அந்த அட்டைக்குக் கீழ ஒரு எலிப்பொறி தொங்குச்சு. 'அசலு, புதுசு'ன்னு சீட்டு கட்டியிருந்துச்சு. ஒட்முன் வேலைதான், அவன் ஒத்துக்கல. சனிக்கிழமை கீரிப்பொறி ஒண்ணு வந்துச்சு. திங்கக்கிழமை தோட்டத்து எலிக்கு வெக்கிற குழாய்ப் பொறி அஞ்சு. பாதிரியார்கூட ஒண்ணு கொண்டாந்தாருன்னு பேச்சு, அது நெசமான்னு தெரியல. மாக்னார் கோவப்படவும் இல்ல, அட்டைய எடுக்கவும் இல்ல. ஒவ்வொண்ணையும் ஸ்பிரிங்கை இழுத்துப் பாத்துட்டு, "நல்ல சாமான், குடுத்தவங்க மகராசனா இருக்கட்டும்"னான். தப்பை யாரும் திருத்தவும் இல்ல. அது இங்குன் வேலைன்னு ஊருக்கே ஒரு மரியாதை.

செவ்வாக்கிழமை பத்து மணிக்குப் பத்திரிகை ஆபீசுல இங்குன் மேசை போன் அடிச்சுச்சு.

"மாக்னார் பேசறேன். ஒரு விளம்பரம் குடுக்கணும்."

இங்குன் நாற்காலியில நிமிந்து உக்காந்தா. "விளம்பரத்துக்குக் கீழ் மாடியில ஒரு பொண்ணு இருக்கு."

"அந்தப் பொண்ணுக்கு என் எழுத்து புரியாது."

"போன்ல ஏது எழுத்து?"

"அதுவும் சரிதான். கடைப் பலகையில போட்டா பொறியா வருது இங்குன். ஏழு ஆச்சு. பத்திரிகையில போட்டா வேற ஏதாவது வருமான்னு பாக்கலாம்னு."

"சொல்லு."

"எக்தெஃபெல்லெ தேவை."

அவ விரலு தன்னால மேசையில தட்டுச்சு. ஒரு தட்டு. தலையில.

"இன்னொரு தரம் சொல்லு."

"எக்தெஃபெல்லெ தேவை."

ஒரு தட்டு. சந்தேகமே இல்ல. அவன் பொறி கேக்கல.

"ஒரே சொல்லாத்தான் சொல்ற" என்றா இங்குன்.

"பின்ன? எப்பவும் அப்படித்தானே சொல்றேன்."

"எழுதும்போது ரெண்டா எழுதற."

"மூச்சு விட எடம் வேணாமா? நெருக்கி எழுதினா கண்ணாடி மறந்துட்டு வர்றவங்க படிக்க முடியலன்னு திட்டறாங்க."

"அப்போ ஒம்போது வருஷமா நான் போடற கோடெல்லாம் என்னன்னு நெனச்ச?"

அந்தப் பக்கம் கறி வெட்டுற மெஷின் ஓடி நின்ன சத்தம் கேட்டுச்சு.

"மொதல்ல கடுப்பாத்தான் இருந்துச்சு. எவடா இவ, என் அட்டையில கிறுக்கிறான்னு. அப்புறம் ஒரு மாசம் உனக்குக் காய்ச்சல்னு வரல. ஞாபகம் இருக்கா? அட்டையெல்லாம் மொட்டையா கெடந்துச்சு. எனக்கே பாக்கப் புடிக்கல. அதுல இருந்து நடுவுல எடத்தைக் கொஞ்சம் அகலமாவே விட்டு எழுதறேன். கோடு போட வசதியா இருக்கட்டும்னு."

"தப்புன்னு தெரிஞ்சேவா?"

"தப்பா சரியா எனக்கு இன்னும் தெரியாது. நீ வருவன்னு தெரியும்."

இங்குன் ரிசீவரை இந்தக் காதுல இருந்து அந்தக் காதுக்கு மாத்தினா. "இந்த அட்டைய யாருக்கு எழுதின?"

"என்ன கேள்வி இது? மத்தவங்க பூனை கெடச்சுதான்னு பாத்துட்டுப் போயிருவாங்க. அந்தப் பலகையை எழுத்து எழுத்தா படிக்கிறது யாரு? வேற யாருக்கு எழுதப்போறேன்?"

அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் ஒண்ணு வந்துச்சு. அது பதில் இல்ல. 'ஆடு 26'னு எண்ணுல எழுதாம எழுத்துல எழுதியிருக்கலாம்ங்கிற திருத்தம். அதைச் சொல்லிருந்தா அன்னிக்கே கதை முடிஞ்சிருக்கும். வாயைக் கையால பொத்திக்கிட்டு அதை முழுங்கினா.

"இங்குன்? இருக்கியா?"

"இருக்கேன். வியாழக்கிழமை வர்றேன்."

"பத்திரிகையில போடணுமா, வேணாமா?"

"வேணாம்."

போனை வெச்சதும் ஹால்டோர் எட்டிப் பாத்தாரு. "யாரு?"

"விளம்பரம்."

"போடறோமா?"

"எடம் இல்ல."

நாலாம் பக்கம் பாதி காலியா கெடந்துச்சு. ஹால்டோர் நல்ல மனுஷன், கதவைச் சாத்திட்டுப் போயிட்டாரு.

வியாழக்கிழமை மூணரை மணிக்குக் கடையில இருந்த கூட்டத்தைப் பாத்தா என்னமோ இனாமா குடுக்கிறாங்கன்னு தோணும். காலையில காப்பித்தூள் வாங்கினவங்க மறுபடியும் காப்பித்தூள் பாக்கெட்டைப் பொரட்டிக்கிட்டு நின்னாங்க. ஒட்முன் ஃபெரியவே இன்னொருத்தன்கிட்ட விட்டுட்டு இங்குன் பின்னாடியே வந்துட்டான், பல்பு வாங்கணுமாம்.

இங்குன் நேரா பலகைக்குப் போனா. பேனா மூடிய தொறந்தா. 'எக்தெ'க்கும் 'ஃபெல்லெ'க்கும் நடுவுல இருந்த எடத்தைப் பாத்தா. ரெண்டு விரலு வெக்கலாம், அவ்வளவு அகலம். கோடு போட்டுட்டா போதும். அழகா இருக்கும், ஊரும் கை தட்டும். ஆனா அவன் கேட்டிருக்கிறது ஒரு கேள்வி. கேள்விக்குத் திருத்தம் போட்டு ஒரு தரம் அனுப்பியாச்சு, பன்னெண்டு வருஷம் ஆச்சு.

கையை எறக்கி, அவன் பேருக்குக் கீழ எழுதினா: 'ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வர்றேன். இங்குன்.'

தூரி கல்லாவை விட்டு எழுந்து வந்து படிச்சா. "மேல கோடு போடலையே?"

"போடல."

"அப்போ அது சரியாவா எழுதியிருக்கு?" ஒட்முன் கேட்டான்.

"தப்பாத்தான் எழுதியிருக்கு."

"பின்ன திருத்தலையா?"

"என்னைத் திருத்தவா கேட்டிருக்கான்?"

மாக்னார் கத்தியோட கறி மேசைக்குப் பின்னாடியே நின்னுக்கிட்டிருந்தான். காது ரெண்டும் சிவந்துபோச்சு. "எத்தனை துண்டு?"ன்னான், வேற என்ன கேக்கிறதுன்னு தெரியாம.

"இன்னிக்கு வேணாம். ஞாயித்துக்கிழமை நீ போடுவல்ல."

அவ போனதுக்கு அப்புறம் அங்க நடந்த சண்டை சாதாரண சண்டை இல்ல. கோடு போடாததால அவளுக்குப் பொறிதான், துணை இல்லன்னு ஒரு கட்சி. வர்றேன்னு எழுதினதே கோடுதான்னு இன்னொரு கட்சி. தூரி ரெண்டு கட்சியிலயும் இருந்தா.

ஞாயித்துக்கிழமை மாக்னார் ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும் அடுக்கடுக்கா போட்டு, முழு மிளகு தூவி, காலையிலயே அடுப்புல ஏத்திட்டான். இங்குன் வாசல்ல பூட்ஸைக் கழட்டும்போதே வாசம் வந்துச்சு. ஏழு பொறியையும் வராந்தாவுல வரிசையா வெச்சிருந்தான்.

"காட்சிக்கா?"

"திருப்பிக் குடுக்கணும்ல. யாருது யாருதுன்னு தெரியல."

"அந்த எலிப்பொறி ஒட்முனுது. கம்பியில ஃபெரி பெயின்டு ஒட்டியிருக்கு பாரு."

"அட, ஆமா."

சாப்பிட்டாங்க. மிளகைத் தட்டோட ஓரத்துல ஒதுக்கிக்கிட்டே அவ ஆபீசைப் பத்திச் சொன்னா, அவன் ஆட்டைப் பத்திச் சொன்னான். ஒரு ஆட்டுக்கு மட்டும் மலையில இருந்து எறங்கவே மனசு வராதாம், ஒவ்வொரு வருஷமும் இவனே போய்க் கெஞ்சிக் கூட்டிக்கிட்டு வரணுமாம். "உன்ன மாதிரி"ன்னு சொல்ல வந்தான், பாதியில முழுங்கினான். அவளுக்குப் புரிஞ்சுச்சு. "எத்தனை வருஷம் கெஞ்சின?"ன்னு கேட்டா. "ஆட்டையா?"ன்னான். "ஆமா, ஆட்டை"ன்னா. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. ரொம்ப நேரம் சிரிக்கிற அளவுக்கு அது ஒண்ணும் பெரிய ஜோக்கு இல்ல, ஆனா ரொம்ப நேரம் சிரிச்சாங்க.

வீடு அவன் சொன்ன மாதிரியே கதகதப்பா இருந்துச்சு. காப்பி குடிச்சாங்க. சன்னலுக்கு வெளிய ஃபியோர்டு கறுத்துக்கிட்டு வந்துச்சு. அந்தக் கறி ரெண்டாம் தரம் சூடு பண்ணினாத்தான் ருசின்னு ஊருக்கே தெரியும், அதனால ஆறு மணிக்கு மறுபடியும் அடுப்புல வெச்சான். அவளும் வேணாம்னு சொல்லல. ரெண்டு தட்டு எடுத்து மேசையில வெச்சா. தட்டு எந்த அலமாரியில இருக்குன்னு கேக்காமலே கண்டுபுடிச்சுட்டா.

ஆறே முக்காலுக்கு ஃபெரி ஊதுச்சு. ஞாயித்துக்கிழமைக்கு அதான் கடைசி. வழக்கமா ஒரு தரம் ஊதும். அன்னிக்கு ஒட்முன் மூணு தரம் ஊத வெச்சான். ஃபெரியோட ஏறு பலகைய தூக்காம, கரைய பாத்துக்கிட்டு நின்னான்னு அப்புறம் கேள்விப்பட்டோம்.

மாக்னார் கரண்டியக் கீழ வெச்சான். "உன் ஃபெரி."

இங்குன் சட்டியில இருந்து ஒரு உருளைக்கிழங்கை முள்கரண்டியில குத்தி எடுத்தா. சூடு பொறுக்காம கை மாத்தி மாத்தி வெச்சு, பொறுமையா தோலை உரிச்சா.

"காலையில ஏழு மணிக்கு ஒண்ணு இருக்குல்ல?"ன்னா.